பி.எஃப்., இ.எஸ்.ஐ.: சம்பளத்தில் 'பிடிக்கிற' பணம் எங்கே போகிறது?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி இருக்கிற சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், ரோஜாப் பூ பேக்கிங் செய்கிற ஷெட், ஒரு நர்சரி பள்ளி என்று கலவையான இடங்கள். மாதம் பிறந்தால் ஏழாம் தேதிக்குள் சம்பளப் பட்டியல் போட வேண்டும். சம்பளம் போட்ட அன்று சாயங்காலமே யாராவது ஒருவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்.

"அண்ணா, பன்னெண்டாயிரம்னு சொல்லித்தான் சேத்தாங்க. பேங்குல பத்தாயிரத்து நானூத்தி எழுபதுதான் ஏறியிருக்கு. மீதிய யாரு எடுத்தா?"

அதே வாரத்தில் முதலாளியும் கூப்பிடுவார். "ஒரு ஆளுக்கு மாசம் ரெண்டாயிரம் தண்டமா போகுதேப்பா, இத எப்படியாச்சும் கொறைக்க முடியாதா?"

ஒருவர் தன் பணம் பறிபோனதாக நினைக்கிறார். இன்னொருவர் தான் தானம் செய்வதாக நினைக்கிறார். இருவரும் பேசுவது ஒரே கணக்கைப் பற்றி. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'பிடித்தம்' என்ற சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சம்பளத்தில் ஒரு பகுதி இன்றைக்குக் கைக்கு வருகிறது. ஒரு பகுதி பிற்காலத்தில் வரும். இன்னொரு பகுதி உடம்புக்கு முடியாமல் போனால் வரும். மூன்றுமே உழைத்ததற்கான கூலிதான். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

உண்டியலும் தெருப் பணமும்

முதலில் பி.எஃப். தமிழில் வருங்கால வைப்பு நிதி. வீட்டில் பேரனுக்கு ஒரு மண் உண்டியல் வாங்கிக் கொடுத்து, "நீ ஒரு ரூபா போட்டா நானும் ஒரு ரூபா போடறேன்" என்று தாத்தா சொல்வாரே, அது மாதிரி. தொழிலாளி தன் சம்பளத்தில் 12 சதவீதம் போட, முதலாளி அதே அளவு போடுகிறார். பணம் தொழிலாளியின் பெயரில் சேர்கிறது. வட்டி வருகிறது, 2023-24, 2024-25 இரண்டு நிதியாண்டுகளுக்கும் 8.25 சதவீதம். தாத்தா போடுவது பாசத்தினால். முதலாளி போடுவது சட்டப்படி அவர் கொடுக்க வேண்டிய கூலியின் மிச்சம். உவமை அந்த இடத்தோடு முடிகிறது.

இ.எஸ்.ஐ. வேறு ஜாதி. தொழிலாளர் அரசுக் காப்பீடு என்பது அதன் பொருள். "இ.எஸ்.ஐ.ல கட்டின பணம் எப்பண்ணா திரும்ப வரும்?" என்று கேட்காத ஆளில்லை. திரும்ப வராது. மொய் எழுதினால் நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும், நோட்டைப் பார்த்துக் கணக்குத் தீர்ப்போம். இது மொய் இல்லை. தெருவில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டு அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்கிறோமே, அதுதான் சரியான உவமை. அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கேட்பவர் யாரும் கிடையாது. யார் வீட்டில் கஷ்டமோ அங்கே போகிறது. நாளைக்கு நமக்கு வந்தால் நமக்கும் கிடைக்கும் என்ற தைரியம்தான் அதில் நமக்குக் கிடைக்கிற பலன்.

சுருக்கமாக: பி.எஃப். உங்கள் பெயரில் சேரும் சேமிப்பு, இ.எஸ்.ஐ. எல்லோரும் சேர்ந்து போட்டு, கஷ்டப்படுகிறவருக்குக் கொடுக்கும் பொதுப் பணம்.

பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் சீட்டு

சரி, அந்தச் சீட்டை மேசையில் விரித்து வைத்துப் பார்ப்போம். சம்பளம் 12,000. படிகள் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

பி.எஃப்.க்குத் தொழிலாளியிடமிருந்து 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம், அதாவது 90 ரூபாய். இரண்டையும் கழித்தால் 10,470. அந்தத் தம்பி கேட்ட 'மீதி' இதுதான்.

சீட்டில் சாதாரணமாக அச்சாகாத பக்கம் ஒன்று இருக்கிறது. முதலாளி பி.எஃப்.க்கு இன்னொரு 1,440, இ.எஸ்.ஐ.க்கு மூன்றே கால் சதவீதமாக 390 கட்டுகிறார். இதற்கு மேல் ஆயுள் காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகச் செலவுக்கு அரை சதவீதம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,950. முதலாளி சொல்கிற 'ரெண்டாயிரம்' இது.

முதலாளி போடுகிற 1,440 முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. அதிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. மீதி 440தான் சேமிப்பில் ஏறும். பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "முதலாளி பங்கு 440தான் இருக்கு, ஆயிரத்த அமுக்கிட்டாங்க" என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆயிரம் பக்கத்து வரிசையில், பென்ஷன் பகுதியில் இருக்கும். பாருங்கள்.

முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. பேசிய சம்பளம் 12,000 என்றால் அதில் 1,440ஐயும் 90ஐயும்தான் கழிக்கலாம். "ரெண்டு பக்கத்தையும் உங்கிட்டயே புடிச்சிக்கறோம்" என்று சொல்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அது முறைகேடு, அதில் இரண்டாம் பேச்சில்லை.

சம்பளம் என்றால் எது?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சில முதலாளிகளும் அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

சதவீதம் எல்லாம் சரி, எதன் மேல் சதவீதம்? பி.எஃப். கணக்கில் வருவது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். பஞ்சப்படி என்பது விலைவாசி ஏற ஏறக் கூட்டித் தரும் தொகை. வீட்டு வாடகைப் படி, ஓவர்டைம் போன்றவை சேராது. அதனால் ஒரு தந்திரம் பிறந்தது. 16,000 ரூபாய் சம்பளத்தை, அடிப்படை 5,000, 'ஸ்பெஷல் படி' 11,000 என்று உடைத்துவிடுவது. அதிகத் தொகைக்குக் கட்ட வேண்டியவர் 5,000க்கு மட்டும் கட்டித் தப்பிப்பார். தொழிலாளிக்கும் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் கூடுதலாக வருவதால் அவரும் பேசாமல் இருப்பார். இருபது வருஷம் கழித்துக் கணக்கை முடிக்கும்போதுதான் தெரியும், எவ்வளவு போயிற்று என்று.

2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு தெளிவு கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கிற படி, எந்தப் பெயரில் இருந்தாலும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தே எண்ணப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அப்புறம் 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்காகச் சேர்த்த தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் சம்பளத்துக்கு ஒரே விளக்கம் இருக்கிறது: படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போன தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். நம் உதாரணத்தில் 16,000இல் பாதி 8,000. படி 11,000. அந்த 11,000 முழுவதும் வீட்டு வாடகை போல் கணக்கில் சேராத படியாகவே இருந்தாலும், கூடுதலாக இருக்கிற 3,000 அடிப்படையோடு சேர்ந்து, கணக்குக்கான சம்பளம் குறைந்தது 8,000 ஆகிறது.

உச்சவரம்பும் உண்டு. பி.எஃப்.பில் 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அதற்கு மேல் சம்பளம் இருந்தாலும் 15,000க்குக் கணக்கிட்டுக் கட்டினால் முதலாளியின் கடமை தீர்ந்தது. இ.எஸ்.ஐ.யில் மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் வருவார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கு இது 25,000.

சுருக்கமாக: சீட்டில் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று மேல் வரிகளையும் பாருங்கள்.

பத்து, இருபது என்ற இரண்டு எண்கள்

எந்த நிறுவனத்துக்கு இதெல்லாம் பொருந்தும்? பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால் பி.எஃப். புதிய தொகுப்பிலும் இந்த எண்கள் மாறவில்லை.

எண்ணுவது எப்படி என்பதில்தான் வம்பே. "என்கிட்ட ஒம்பது பேர்தான், மீதி எல்லாம் காண்ட்ராக்ட் ஆளு" என்பது ஓசூரில் தினமும் காதில் விழுகிற வசனம். காண்ட்ராக்டர் மூலம் வந்தவர், டெம்ப்ரவரி, தினக்கூலி, காலையில் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிற அக்கா, எல்லோரும் எண்ணிக்கையில் சேர்த்திதான். ஒரே முதலாளி ஜூஜூவாடியில் ஒரு ஷெட், பேகேபள்ளியில் ஒரு ஷெட் என்று நடத்தினால், கிளைகளையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஒரு முறை சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

லாபம் பார்க்காத அமைப்பு என்பதால் விலக்கு வந்துவிடாது. பள்ளிக்கூடம் நடத்தும் சின்ன ட்ரஸ்ட்டுகளில் இந்தத் தவறான நம்பிக்கை அதிகம். மேலே சொன்ன 2019 தீர்ப்பின் வழக்குகளில் ஒன்றே ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியதுதான். "நாங்க சேவை செய்யறோம் சார்" என்று தாளாளர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அங்கே பாடம் சொல்லிக் கொடுக்கிற டீச்சருக்கும் வயதாகும் அல்லவா?

காண்ட்ராக்ட் ஆட்களின் விஷயத்தில் இன்னொன்று. காண்ட்ராக்டர் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் ஓடிப்போனால், அந்தப் பொறுப்பு வேலை நடக்கிற கம்பெனியின் தலையில்தான் விழும். வேலை வாங்குகிற அந்தக் கம்பெனியை முதன்மை வேலையளிப்பவர் என்று சட்டம் சொல்கிறது. அதனால் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று: காண்ட்ராக்டரின் பில்லைப் பாஸ் செய்வதற்கு முன்னால், போன மாதம் பணம் கட்டிய செலானையும், அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்ற பட்டியலையும் வாங்கிப் பாருங்கள். செலானில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். உங்கள் ஷெட்டில் நிற்கிற ஆளின் பெயர் இருக்கிறதா என்பது பட்டியலில்தான் தெரியும்.

சேர்க்கிற நாளிலும் குழப்பம் உண்டு. "மூணு மாசம் ட்ரெயினிங், அப்புறம்தான் பி.எஃப்." என்பார்கள். அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவான பயிற்சியாளர் வேறு. மற்றபடி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கணக்கு ஆரம்பிக்க வேண்டும். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிகளில் சீசன் நேரத்தில் மூன்று மாதம் வேலை பார்க்கிற பெண்களுக்கும், அந்த இடம் பி.எஃப். வரம்புக்குள் இருந்தால், அந்த மூன்று மாதத்துக்கு உரியது சேர வேண்டும்.

பிரஸ் மெஷினில் போன விரல்கள்

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. ஒரு பிரஸ் ஷாப். தகட்டை வெட்டி வளைக்கிற மெஷின்கள். பதிமூன்று பேர் வேலை பார்த்தார்கள், ரெஜிஸ்டரில் எட்டுப் பேர். பத்தைத் தொடக் கூடாது என்பதுதான் காரணம். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், இருபத்து மூன்று வயது, எட்டில் இல்லாத ஐந்து பேரில் ஒருவன். ராத்திரி ஷிஃப்டில் தகட்டைச் சரி செய்யக் கையை உள்ளே விட்டிருக்கிறான். பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல்கள்.

எண்ணெய் துடைக்கிற பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு, அவன் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். முழங்கை வரை கிரீஸ். "வீட்டுக்குச் சொல்லிடாதீங்கண்ணா" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்தார், தனியார் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கொடுத்தார், மேலே கையிலும் கொஞ்சம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். அவனுக்கு முடியவில்லை. இரண்டு விரல் இல்லாத வலது கையோடு அடுத்த நாற்பது வருஷம் அவன் சம்பாதிக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ.யில் அவன் பெயர் பதிவாகி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. கை ஆறும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் வந்திருக்கும். ஆறின பிறகு, மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஒரு தொகை ஆயுள் முழுக்க வந்துகொண்டிருக்கும். அப்போது அவன் சம்பளத்துக்கு இன்றைய விகிதத்தில் கணக்குப் போட்டாலும், இரண்டு பங்கும் சேர்த்து மாதம் சில நூறு ரூபாய்தான். அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் முதலாளி லட்சக்கணக்கில் செலவு செய்தார். அந்தப் பையனுக்கு ஆயுள் முழுக்க வர வேண்டியது போயிற்று.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது தெரிந்து சொல்கிறேன். முதலாளி பதியாமல் விட்டதால் தொழிலாளியின் உரிமை செத்துப்போவதில்லை. அவன் அங்கே வேலை பார்த்தான் என்று நிரூபித்தால், காப்பீட்டுக் கழகம் அவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஷிஃப்ட் டைரி, வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசர் அனுப்பிய செய்தி, பேங்கில் ஏறிய சம்பளம், எதுவும் சாட்சிதான். இதையெல்லாம் அழிக்காமல் வைத்திருங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால்? அங்கேயும் விபத்துக்கு முதலாளி பொறுப்புத்தான். 1923இலேயே வந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் ஏற்பாடுகள் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பொதுப் பணம் இல்லை. முதலாளியே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சின்னப் பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் மாறிப்போகிறார்கள்.

காயம் தவிர மற்றவையும் இ.எஸ்.ஐ.யில் உண்டு. பதிவானவருக்கும் அவர் குடும்பத்துக்கும் வைத்தியம். ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். இதற்கு ஒரு நிபந்தனை: அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். பிரசவத்துக்கு 26 வாரம். வேலைக்கு வரும் வழியிலோ வீடு திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால், அது வேலைப் பயணம்தான் என்று தெரிந்தால் அதுவும் வேலைக் காயமே. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் டூவீலரில் ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பணத்தை எடுத்துவிடலாமா?

கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப்.பைத் துடைத்து எடுத்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம். தங்கச்சி கல்யாணம், போர் போட்டது, பைக் என்று காரணம் இருக்கும். நெருக்கடியில் எடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சேமிப்பை எடுக்கும்போது கூடவே பென்ஷன் பகுதியையும் எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் நஷ்டம்.

ஓய்வூதியம் கிடைக்க மொத்தம் பத்து வருஷச் சேவை வேண்டும். ஒரே கம்பெனியில் பத்து வருஷம் வேண்டியதில்லை; நாலு கம்பெனியில் சேர்ந்தாலும் போதும். பென்ஷன் பகுதியைப் பாதியில் எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருஷங்கள் அழிந்துவிடும், மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். 58 வயதில் வரும் ஓய்வூதியத்துக்குக் கணக்கு இப்படி: கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சராசரி 12,000, சேவை 25 வருஷம் என்றால், இருபது வருஷம் முடித்தவர்களுக்குக் கூட்டித் தரும் இரண்டு வருஷத்தையும் சேர்த்து 27 என்று வைத்து, மாதம் 4,628 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் வேலைக்குப் போக முடியாத வயதில், மகன் கையை எதிர்பார்க்காமல் மாத்திரை வாங்கிக்கொள்ள உதவும்.

வேலை மாறும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. யு.ஏ.என். என்ற பன்னிரண்டு இலக்க பி.எஃப். எண்ணைப் புதுக் கம்பெனியில் கொடுப்பது. ஒரு தொழிலாளிக்கு ஆயுளுக்கும் ஒரே எண். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பொம்மசந்திராவில் சேர்ந்தாலும் அதே எண்தான். மாநிலம் மாறினால் எண் மாறாது. புது இடத்தில் "உங்களுக்குப் புதுசா போட்டுடறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லி, பழைய எண்ணைக் கொடுங்கள்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. தவிர, சீட்டில் எங்கேயும் வராத மூன்றாவது ஒன்று இருக்கிறது: பணிக்கொடை, வழக்கில் கிராஜுவிட்டி. 'கொடை' என்ற பெயரைப் பார்த்து, மனசிருந்தால் கொடுப்பது என்று நினைத்துவிட வேண்டாம். பத்துப் பேர் உள்ள இடத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு விலகினால் கட்டாயம் தர வேண்டியது. கடைசிச் சம்பளத்தை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, வருஷத்தால் பெருக்குங்கள். 13,000 சம்பளம், பத்து வருஷம் என்றால் 75,000. குறிப்பிட்ட காலத்துக்கென்று எழுதி எடுக்கப்பட்டவர்களுக்குப் புதிய தொகுப்பில் ஒரு வருஷமே போதும்.

நடத்துகிறவர் பக்கம்

சின்ன யூனிட் நடத்துகிறவரின் சிரமம் எனக்குத் தெரியும். பெரிய கம்பெனியிலிருந்து பில் பணம் வர மூன்று மாதம் ஆகும், கரெண்ட் பில் காத்திருக்காது, சம்பளமும் காத்திருக்காது. அந்த நெருக்கடியில் கை வைக்கத் தோன்றுகிற முதல் இடம் பி.எஃப். பணம்தான். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் வட்டியும் அபராதமும் ஏறும். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் அது வெறும் பாக்கி இல்லை. நம்பிக்கை மோசடி என்ற குற்றவியல் வழக்கு வரும். அவர் கூலியிலிருந்து எடுத்தது அவர் பணம். உங்கள் கையில் இருந்தது பாதுகாப்புக்காக மட்டும்.

ரெஜிஸ்டரில் ஆளை மறைப்பதைவிட, வேலைக்கு எடுக்கும்போதே மொத்தச் செலவைக் கணக்கிட்டுச் சம்பளம் பேசுவது நல்லது. 12,000க்கு ஆள் என்றால் உங்கள் கணக்கில் 13,950 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜாப் ஒர்க்குக்கு ரேட் கொடுக்கும்போதும் அதை வைத்தே கொடுங்கள். பணி நியமனக் கடிதம் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது புதிய தொகுப்பில் கட்டாயம். ஒரு பக்கத் தாள்தான். பின்னால் வருகிற பாதித் தகராறு அந்த ஒரு தாளில் தீரும்.

இனிஷியலும் நாமினியும்

பணம் ஒழுங்காகக் கட்டியிருந்தும் கைக்கு வராமல் போவதற்கு எங்கள் மேசையில் நான் பார்க்கிற பெரிய காரணம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். பேங்கில் இனிஷியல் முன்னால், பி.எஃப்.பில் பின்னால், ஸ்கூல் டி.சி.யில் இன்னொரு மாதிரி. பிறந்த தேதியும் இப்படியே. கம்ப்யூட்டருக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆள். வேலையில் இருக்கும்போதே ஆதாரோடு ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். கம்பெனி மூடிவிட்டால் திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சரியாகக் கட்டுகிறார்களா என்று பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. யு.ஏ.என்.னில் பதிவான போனிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கு விவரம் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். உமங் என்ற மத்திய அரசு ஆப்பில் பாஸ்புக்கையே மாதாமாதம் பார்க்கலாம். தொகை ஏறவில்லை என்றால் முதலில் ஆபீஸில் கேளுங்கள். பதில் இல்லை என்றால், பி.எஃப். அலுவலகம் மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டவாரியாக நடத்துகிற 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமுக்கு, சம்பளச் சீட்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போகலாம்.

கடைசியாக நாமினி. வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டால், பி.எஃப்.போடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். முதலாளி கட்டுகிற அந்த அரை சதவீதம் இதற்குத்தான். கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்கிற பையன்கள் பெரும்பாலும் அம்மா பெயரைப் போடுகிறார்கள். கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது. புதிதாகப் போட வேண்டும் என்பதுதான் விதி. அது தெரியாததால் பலர் போடுவதில்லை. போன மாதம்கூட, கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்கள் மேசைக்கு வந்தார். கணவருடைய கணக்கில் பணம் இருந்தது, காப்பீடும் இருந்தது, அவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டும் என்று சொன்னேன். எந்த பஸ்ஸில் போவது என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அவர் போன பிறகு, சாயங்கால ஷிஃப்டுக்கு வந்த ஒவ்வொருவரையும் நிறுத்தி, போனை வாங்கி, நாமினி இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.